குறைவே இல்லாத கிளையிலிருந்து ஒரு திறந்த மடல்

எங்கள் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் தலைவர் ஐயா அவர்களுக்கும் பணிப்பாளர் சபை அங்கத்தவர்களுக்கும்,

சென்ற மாதம் எல்லாக் கிளைகளுக்கும் நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையை சங்கத்தின் ஒரு கிளையான எங்கள் கிராமிய வங்கியின் அறிவித்தல் பலகையில் குத்தியவள் நான்தான். முதல் வசனத்திலேயே கை நின்றுவிட்டது. “கடன் நிலுவை அதிகரிப்புக்கும் காசுக் குறைவுகளுக்கும் ஊழியர்களின் மனப்பாங்குக் குறைபாடே பிரதான காரணம் எனச் சபை கருதுகின்றது.” அதன் கீழே மூன்று முடிவுகள். காசாளரிடம் எந்தத் தொகை குறைந்தாலும் சம்பளத்தில் வெட்டு, கூடவே எச்சரிக்கைக் கடிதம். தவணை தப்பிய கடன் நிலுவை நூற்றுக்கு 5 வீதத்தைத் தாண்டும் கிளைகளுக்குச் சித்திரைப் புத்தாண்டு முற்பணம் கிடையாது. மூன்றாவது, எல்லோரும் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் “மனப்பாங்கு விருத்தியும் தலைமைத்துவமும்” என்ற பயிற்சிக்குப் போக வேண்டும். ஆளுக்கு 6,000 ரூபாய். அதையும் மூன்று தவணையாக எங்கள் சம்பளத்திலேயே கழிப்பீர்களாம்.

நான் இந்தச் சங்கத்தில் 17 வருடமாகக் காசாளர். 100 ரூபாய்ப் பங்கு வாங்கிய அங்கத்தவரும்கூட. ஊழியராக மேலிடத்துக்கு எழுதினால் அது கோவைக்குள் போய்ப் படுத்துவிடும் என்று தெரியும், மூன்று தரம் படுத்திருக்கிறது. ஆகவே பெயரும் கையொப்பமும் போட்ட பிரதியைத் தலைமைக் கந்தோரில் பதிந்து தந்துவிட்டு, சங்கத்தின் பெயரும் என் பெயரும் இல்லாமல் இதைப் பொதுவில் வைக்கிறேன்.

மனப்பாங்கு என்று ஒன்று உண்டு, அது காசைத் தொடும் கையை மாற்றும். அதை நான் ஒப்புக்கொள்கிறேன். அது எங்கிருந்து வருகிறது என்பதில்தான் உங்களோடு எனக்கு வழக்கு.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நடந்ததைச் சொல்கிறேன். கிளை மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், என் வீடு கிழக்குக் கரையில் ஆரையம்பதியில். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை நாங்கள் வாவியைப் ‘பாதை’ என்ற மிதவையில்தான் கடந்தோம். அன்று பின்னேரம் நாள் கணக்கை முடித்தபோது காசு 4,000 ரூபாய் குறைந்தது. அப்போது என் சம்பளத்தில் அது சின்னத் தொகை இல்லை. மூன்று தரம் எண்ணினேன். ஆயிரம் ரூபாய்த் தாள் இரண்டு ஒட்டிக்கொண்டு போயிருக்குமோ என்று ஒவ்வொன்றாகத் தேய்த்துப் பார்த்தேன். வெளியே கடைசிப் பாதைக்கு ஆட்கள் நடக்கிற சத்தம் கேட்கிறது. கைப்பையில் அக்கா தந்த சீட்டுக்காசு இருந்தது. அதை எடுத்துப் போட்டுவிட்டால் கணக்குச் சரி, பாதையும் பிடிக்கலாம், யாருக்கும் தெரியாது.

என்னவோ, முகாமையாளரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தார். அன்றைய சீட்டுகளை ஒவ்வொன்றாக அவர் வாசிக்க, நான் காசுப் புத்தகத்தில் சரி போட்டுக்கொண்டே வந்தேன். ஏழு மணிக்குக் கிட்ட ஒரு 4,000 ரூபாய் வைப்புச் சீட்டை நான் இரண்டு வரியில் பதிந்திருந்தது தெரிந்தது. நடுவில் யாரோ அடகு மீட்க வந்து கதை கொடுத்த நேரம் நடந்த பிசகு. காசு குறையவே இல்லை, புத்தகம்தான் கூடியிருந்தது. என் கைப்பைக் காசைப் போட்டிருந்தால் அந்தப் பிழை புத்தகத்துக்குள்ளேயே இருந்து வேறு எதையாவது கெடுத்திருக்கும்.

பாதை போய்விட்டது. வவுணதீவு, வலையிறவுப் பாலம் என்று சுற்றி, தன் மோட்டார் சைக்கிளில் அவரே வீட்டில் கொண்டுவந்து விட்டார். இறங்கும்போது, “குறைஞ்சா குறைஞ்சது எண்டு அண்டைக்கே சொல்லிப்போடு பிள்ளை. அடுத்த நாள் வரைக்கும் வைச்சிருந்தா அதுக்கு வேற பேர்” என்றார். எனக்குக் கிடைத்த தலைமைத்துவப் பயிற்சி அவ்வளவுதான். செலவு ஒரு லீற்றர் பெற்றோல் இருக்கும்.

அவர் ஓய்வுபெற்றுப் போனது 2016 இல். அடுத்து வந்தவரும் கெட்டவர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தலைமைக் கந்தோரிலிருந்து வரும் அழுத்தத்தை அப்படியே கீழே இறக்குகிறவர், அவ்வளவுதான். அவர் வந்து மூன்றாம் மாதம் எங்கள் இளைய காசாளர் தங்கச்சிக்கு 1,500 ரூபாய் குறைந்தது. வரிசையில் சனம் நிற்கும்போதே சத்தம் போட்டார். “வீட்டுக்குக் கொண்டுபோறதுக்கா இஞ்ச வாறீங்கள்?” அந்த ஒரு கேள்வி போதும். அன்று மத்தியானம் அவள் சாப்பாட்டுப் பார்சலை அவிழ்க்கவேயில்லை. சம்பளத்தில் வெட்டினார்கள். கடிதமும் கொடுத்தார்கள்.

அதன்பிறகு எங்கள் கிளையில் காசு குறையவே இல்லை. உங்கள் உள்ளகக் கணக்காய்வு அறிக்கைகளை எடுத்துப் பாருங்கள். 14 மாதம் ஒரு ரூபாய்க் குறைவு கிடையாது. வருடாந்தக் கூட்டத்தில் மேடைக்குக் கூப்பிட்டு, கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்றும் தந்தீர்கள். “குறைவே இல்லாத கிளை.” அது இன்றும் என் தலைக்கு மேலே தொங்குகிறது.

ஐயா, அந்தக் குறைவில்லாமை எப்படி வந்தது தெரியுமா? கவுண்டர் லாச்சிக்குள் ஒரு பழுப்பு நிற உறை இருந்தது. எங்களுக்குள் அதற்குப் பெயர் உண்டியல். என்றைக்காவது நாள் முடிவில் காசு கூடி நின்றால் அதை மிகை என்று பதியமாட்டோம், உறைக்குள் போடுவோம். குறைந்தால் உறையிலிருந்து எடுத்து நிரப்புவோம். புத்தகம் எப்போதும் நேராக நிற்கும். கடிதம் இல்லை, சத்தம் இல்லை, சான்றிதழ் கிடைக்கும்.

ஆனால் மிகை என்பது யாருடைய காசு? பால் விற்றுவிட்டு வந்து அவசரத்தில் மீதியை எண்ணாமல் போன மனிசருடையது. நகை மீட்க வந்து 500 ரூபாய்த் தாள் ஒன்றைக் கூடத் தந்துவிட்டுப் போன பிள்ளைத்தாய்ச்சியுடையது. முன்பு என்றால் மிகை பதிவில் இருக்கும், மூன்று நாளில் தேடி வந்தால் கொடுத்துவிடுவோம். உறை வந்த பிறகு, “உங்கட காசு இஞ்ச இல்லையே அம்மா” என்று சொல்லப் பழகினோம். அந்த வசனத்தை நானும் சொல்லியிருக்கிறேன். இரண்டு தரம் அந்த உறையிலிருந்து என் குறைவையும் நிரப்பியிருக்கிறேன். 4,000 ரூபாயை மறைக்காமல் சொன்ன அதே ஆள்தான். எனக்குள் இருந்த மனப்பாங்கு வருடக் கணக்கில் மெல்ல மெல்லக் கெட்டதா, அல்லது உண்மை சொன்னவளுக்கு நடந்ததைக் கண்ணால் பார்த்த அன்றே மாறியதா?

மகள் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படிக்கிறாள். இந்தக் கதையைச் சொன்னபோது தன் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினாள். 1990களில் அமெரிக்காவில் ஏமி எட்மன்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனைத் தாதியர் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராயப் போனாராம். நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள குழுவில் பிழை குறைவாக இருக்கும் என்றுதான் அவரும் நினைத்திருக்கிறார். கணக்குத் தலைகீழாக வந்தது. நல்ல குழுக்களில்தான் பதிவான பிழைகள் அதிகம். தோண்டிப் பார்த்தால், அங்கே தாதியர் பயப்படாமல் பிழையைச் சொன்னார்கள், மற்ற இடங்களில் மறைத்தார்கள். வாசித்துவிட்டு நிமிர்ந்தபோது என் கண் போன இடம் அந்தச் சான்றிதழை நான் கைப்பேசியில் எடுத்து வைத்திருந்த படம். அதை அழித்துவிட்டேன்.

இப்போது நிலுவைக்கு வருகிறேன். நிலுவை ஏறியிருப்பது உண்மை. ஆனால் ஏன் ஏறியது என்று சபையில் ஒருவராவது கேட்டீர்களா? 2024 நவம்பர் கடைசியில் வந்த வெள்ளத்தில் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் விதைத்த வயல் வட்டைகள் பல தண்ணீருக்குள் கிடந்தன. எங்கள் கடன்காரரில் பாதிக்கு மேல் பெரும்போக வயலை நம்பியவர்கள். மறுவிதைப்புக்கு விதைநெல், உழவுக் கூலி என்று திரும்பவும் செலவு. மாசி, பங்குனியில் வரவேண்டிய காசு வரவில்லை, வந்தவர்களுக்கும் அரைகுறைதான். மாதத் தவணை மட்டும் திகதி தவறாமல் வந்துகொண்டிருந்தது.

மகளின் கொப்பியில் இன்னொன்றும் இருந்தது, இது நம் ஆட்களுக்கு இன்னும் கிட்ட. தமிழ்நாட்டில் கரும்பு விவசாயிகள் 464 பேரை வைத்துச் செய்து 2013 இல் வெளிவந்த ஆய்வு. அறுவடைக்கு முன் கையில் காசில்லாத நாளிலும், அறுவடை முடிந்து காசு வந்த பிறகும் அதே ஆட்களுக்கு ஒரே மாதிரியான சின்னப் பரீட்சை வைத்திருக்கிறார்கள். காசு வந்த பிறகு அதே மூளை நன்றாக வேலை செய்ததாம். ஆள் மாறவில்லை, பழக்கம் மாறவில்லை, கையிருப்புத்தான் மாறியது. அப்படியிருக்க, மார்கழி மாதத்தில் வந்து முழிக்கிற விவசாயியைப் பார்த்து “கட்டும் மனநிலை இல்லாதவர்” என்று கோப்பில் எழுத எங்களுக்குச் சொல்லித் தந்தது யார்? அந்தப் படிவத்தில் அப்படி ஒரு கட்டமே இருக்கிறது.

நிலுவை இலக்கு என்ற ஒன்றை நீங்கள் 2017 இல் கொண்டுவந்தீர்கள். டிசெம்பர் 31 அன்று வீதம் குறைந்திருக்க வேண்டும். குறைந்தது. எப்படி என்று ஒரு உதாரணம், பெயர் வேண்டாம். அப்பம் சுட்டு விற்கிற ஒரு அக்கா. 60,000 ரூபாய்க் கடனில் 38,000 மீதி, மூன்று தவணை பிந்திவிட்டது. அது 2019, ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகு மட்டக்களப்பில் சின்ன வியாபாரம் எல்லாம் படுத்துக் கிடந்த வருடம். டிசெம்பர் இருபத்தெட்டாம் திகதி எங்கள் வெளிக்கள உத்தியோகத்தர் தம்பி அவரைக் கூட்டிவந்து 75,000 ரூபாய் புதுக்கடன் போட்டுக்கொடுத்தார். அதில் பழைய 38,000 ஐயும் வட்டி 4,500 ஐயும் கழித்து 32,500 ரூபாயை நான்தான் எண்ணிக் கையில் கொடுத்தேன். அக்கா கேட்டார், “நான் கேக்காத காச ஏன் மகள் தாறீங்கள்?” என்னிடம் பதில் இல்லை. முப்பத்தோராம் திகதி அவருடைய நிலுவை பூச்சியம். அடுத்த பங்குனியில் அதே அக்கா, இரண்டு மடங்கு கடனோடு, அதே வரிசையில்.

அந்தத் தம்பி நேர்மையற்றவரா? அவருக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். இலக்கைத் தொடாவிட்டால் தூரத்து வாகரைப் பக்கம் இடமாற்றம் என்று கதை இருந்தது. அமெரிக்காவின் பெரிய வங்கிகளில் ஒன்றான வெல்ஸ் பார்கோவில் இதே கதை இலட்சக்கணக்கில் நடந்தது. விற்பனை இலக்கைத் தொடுவதற்காக வாடிக்கையாளருக்குத் தெரியாமலேயே அவர்கள் பெயரில் கணக்குகள் திறந்தார்கள். 2016 செப்டெம்பரில் 185 மில்லியன் டொலர் அபராதம், அதற்கு முன்பே ஏறக்குறைய 5,300 ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கேயும் முதலில் கீழே இருந்தவர்களின் குணத்தைத்தான் குறை சொன்னார்கள். ஆனால் அடுத்த மாதமே தலைவர் பதவி விலக வேண்டிவந்தது. ஐயாவைப் பதவி விலகச் சொல்லவில்லை, பயப்படாதீர்கள். அந்த இலக்கை யார் போட்டது என்று சுற்றறிக்கையில் ஒரு வரி எழுதியிருக்கலாம் என்கிறேன்.

சரி, கடன்காரர்கள் எங்களிடமிருந்து என்ன படிக்கிறார்கள்? எங்கள் கிளையில் 6 இலட்சம் ரூபாய்க் கடன் ஒன்று 19 மாதமாக நிலுவையில் கிடக்கிறது. எடுத்தவர் இந்தச் சபையில் இருக்கும் ஒருவருக்கு நெருங்கிய உறவு. யார் என்று உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், வரிசையில் நிற்கும் சனத்துக்கும் தெரியும். அவர் வந்தால் முகாமையாளரின் அறைக்குள் மின்விசிறிக்குக் கீழே கதிரை, தேத்தண்ணி. அன்று வெளியே வரிசையில் இரண்டு கிழமை பிந்தியதற்காகக் கடிதம் வாங்கிய ஒரு பால்கார அண்ணன் நின்றார். கண்ணாடிக்குள்ளால் அந்தக் கோப்பையைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார், “அவருக்குத் தேத்தண்ணி, எனக்குக் கடிதமா தங்கச்சி?” அடுத்த மாதம் அவர் கட்டவில்லை. பால் விற்ற காசு இருந்தும் கட்டவில்லை. அவருடைய மனப்பாங்கை மாற்ற எந்த ஹோட்டலில் மண்டபம் எடுப்பீர்கள்?

எங்கள் ஊர்க் கோயில்களில் திருவிழா முடிந்ததும் கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் வண்ணக்கர் கணக்கு வாசிப்பார். எத்தனை தேங்காய் வந்தது, எத்தனை உடைத்தது, வெடி எவ்வளவு என்று ஒவ்வொரு குடிவழியாரும் கேட்பார்கள், சில வேளை சண்டைகூட வரும். வண்ணக்கர் பெரிய வீட்டு மனிசர்தான், ஆனாலும் நின்றுகொண்டுதான் வாசிப்பார். நம் சங்கத்தின் சென்ற வருடப் பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கை வாசித்து முடிய 12 நிமிடம் ஆனது. மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பார்சல் சாப்பாடு.

திகதி பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் சம்பளத்தில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் கழிக்கிறீர்கள், அதோடு சங்கம் 12 வீதம் சேர்த்து அடுத்த மாதம் முடிவதற்குள் கட்ட வேண்டும். சென்ற வருடம் ஐந்து மாதத்துக் காசு போய்ச் சேரவில்லை. வீட்டுக்கடனுக்கு விண்ணப்பிக்கப்போன எங்கள் கணக்குப் பதிவாளர் தன் மீதியைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார். பிந்திக் கட்டினால் நாட்களைப் பொறுத்து நூற்றுக்கு 5 முதல் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் என்பது சட்டம். அந்தக் கட்டணமும் அங்கத்தவர் காசிலிருந்துதான் போகிறது. அதற்காக யாருடைய சம்பளத்தில் வெட்டினீர்கள்? எங்களிடம் கழித்துவிட்டு நீங்கள் கட்டாதபோது, திகதி என்பது ஆளைப் பொறுத்து இழுபடும் சாமான் என்றுதானே நாங்கள் படிப்போம்?

இன்னொரு விஷயம் எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். 2022 இல் எல்லா விலையும் ஏறியபோது எங்கள் ஊழியர்கள் பலர் நுண்கடன் நிறுவனங்களின் கிழமைக் கடனுக்குள் விழுந்தார்கள். அரிசியும் பால்மாவும் எந்த விலைக்கு விற்றது என்று உங்களுக்கும் நினைவிருக்கும். நாள் முழுக்க இலட்சக்கணக்கில் எண்ணுகிற ஒரு பிள்ளை, தனக்குக் கடன் கொடுத்த நிறுவனத்துத் தம்பி எங்கள் கிளைக்குக் காசு வைப்பிலிட வந்தபோது, பின்னால் மலசலகூடத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவன் போகும்வரை கால் மணித்தியாலம் நான் அவளுடைய கவுண்டரையும் பார்த்தேன். 2018 இல் அரசாங்கம் மட்டக்களப்பும் அம்பாறையும் உட்பட 12 மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சத்துக்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தபோது, கடன்காரர் வாசலில் நிற்கும் பயம் என்றால் என்ன என்று ஊர்ப் பெண்களிடம் கேட்டுக் கேட்டு அனுதாபப்பட்டவர்கள் நாங்கள். நாலு வருடத்தில் அந்தப் பயம் எங்கள் கவுண்டருக்குப் பின்னாலேயே வந்துவிட்டது. அப்படிப்பட்ட பிள்ளைகளுடைய சித்திரை முற்பணத்தைத்தான் இப்போது நிறுத்துகிறீர்கள். முற்பணம் கிடையாதென்றால் அவர்கள் எங்கே போவார்கள் என்று தெரியாமலா நிறுத்துகிறீர்கள்?

எங்களில் பிழையே இல்லை என்று நான் சொல்லவில்லை. எங்கள் வெளிக்கள உத்தியோகத்தர்களில் சிலருக்கு நிலையான வட்டிக்கும் குறைந்து செல்லும் மீதி வட்டிக்கும் வித்தியாசம் விளங்கப்படுத்தத் தெரியாது. 60,000 ரூபாயை ஒரு வருடத்துக்கு நிலையான 12 வீதத்தில் கொடுத்தால் மாதம் 5,600 ரூபாய் கட்ட வேண்டும். “12 வீதம்தானே” என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு மாதமும் முதல் குறைந்துகொண்டு போகிறதே, குறைந்த மீதிக்குக் கணக்குப் பார்த்தால் அது 21 வீதத்தையும் தாண்டும். இதை ஒரு கடன்காரப் பெண்ணுக்குக் கரும்பலகையில் போட்டுக் காட்டுகிற திறமை எங்களிடம் இல்லை. அதைச் சொல்லித் தாருங்கள், சனிக்கிழமையும் வருகிறோம். கோபமாக வருகிறவரிடம் எப்படிக் கதைப்பது, கள்ளத்தாளை எப்படிப் பிடிப்பது, புதுக் கணினிப் பேரேட்டில் பிழை திருத்துவது எப்படி, இதெல்லாம் எங்களுக்குத் தேவை. இரண்டு நாள் கடற்கரையில் பலூன் ஊதி உடைக்கிற விளையாட்டு தேவையில்லை. போன தடவை அதுதான் நடந்தது. எங்கள் முகாமையாளர் உடைத்த பலூனுக்குப் பரிசுகூடக் கொடுத்தார்கள்.

ஆகவே கேட்கிறேன்.

சுற்றறிக்கையின் முதல் வசனத்தை எழுத்தில் திரும்பப் பெறுங்கள். எங்கள் அறிவித்தல் பலகையில் அது தொங்கும்வரை மற்றது எதையும் கதைப்பது கஷ்டம்.

காசுக் குறைவுக்கு ஒரு நடைமுறை போடுங்கள். அன்றே சொன்னால் முகாமையாளரோடு இருந்து தேடுவது, கண்டுபிடிக்காவிட்டால் பதிவது, மாதக் கடைசியில் சேர்த்துப் பார்ப்பது. திரும்பத் திரும்ப ஒருவருக்கே வந்தால் விசாரியுங்கள், அதை யாரும் எதிர்க்கமாட்டோம். மறைத்ததற்குத் தண்டனை கொடுங்கள், சொன்னதற்குக் கொடுக்காதீர்கள். குறைவைப் போலவே மிகையையும் கட்டாயம் பதிய வேண்டும் என்று சேர்த்து எழுதுங்கள்.

சித்திரை முற்பணத்தை நிலுவையோடு முடிச்சுப் போடாதீர்கள். வயல் கடன்களின் தவணையை அறுவடையோடு சேர்த்துப் போடுவதற்கு ஒரு குழு அமையுங்கள், அதில் கடன் எடுத்த விவசாயிகளும் இருக்கட்டும். டிசெம்பரில் பழைய கடனை மூடப் புதுக்கடன் போட்ட கோப்புகளை எல்லாக் கிளைகளிலும் எண்ணிப் பாருங்கள். எத்தனை என்று தெரிந்தால்தான் நிலுவையின் உண்மையான வீதம் தெரியும்.

பணிப்பாளர்களும் அவர்களுடைய நெருங்கிய உறவினரும் எடுத்த கடன்களின் மீதியையும் நிலுவையையும் அடுத்த பொதுக்கூட்டத்தில் ஒரு தாளில் அச்சடித்து அங்கத்தவர் கையில் கொடுங்கள். சேமலாப நிதி கட்டிய திகதியை ஒவ்வொரு மாதமும் அறிவித்தல் பலகையில் போடுங்கள்.

பாசிக்குடாப் பயிற்சியை நிறுத்துங்கள். நடத்தியே ஆகவேண்டும் என்றால் எங்கள் கிளையிலேயே நடத்துங்கள், முன்வரிசையில் நீங்கள் இருங்கள், 6,000 ரூபாயை எங்களிடம் கழிக்காதீர்கள்.

இந்த மாதம் முப்பதாம் திகதிக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் ஓர் அங்கத்தவராகப் பொதுக்கூட்டத்தில் எழுந்து இதையே வாசிப்பேன், பிரதியைக் கூட்டுறவு அபிவிருத்தி உதவி ஆணையாளருக்கும் அனுப்புவேன்.

கடைசியாக ஒன்று. லாச்சிக்குள் இருந்த அந்த உறையை நேற்றுப் பின்னேரம் எல்லோரும் பார்க்கக் கவுண்டரில் கொட்டி எண்ணினோம். 3,850 ரூபாய் இருந்தது. மிகைக் கணக்கில் வரவு வைத்து, என் கையால் பற்றுச்சீட்டு எழுதியிருக்கிறேன். அதற்கு எனக்குக் கடிதம் தருவதாக இருந்தால், காரணம் என்ற இடத்தில் “சொன்னதற்காக” என்று எழுதித் தாருங்கள். பற்றுச்சீட்டின் பிரதி இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

இப்படிக்கு,
படுவான்கரைக் கிராமிய வங்கி ஒன்றின் காசாளர்,
சங்க அங்கத்தவர்